வானக் கணக்கைப் பொதுவாக்கிய எட்மன்ட் ஹலி

வானத்தைப் பார்த்தோர் எண்ணிலர். பார்த்ததைக் குறித்து வைத்தோர் சிலர். குறித்து வைத்ததைப் பிறர் கையில் மனமுவந்து ஒப்படைத்தோர் அவரினும் சிலர். இம்மூன்றாம் வகையினருள் வைத்து எண்ணப்படுபவர் எட்மன்ட் ஹலி. எழுபத்தாறு ஆண்டுக்கு ஒரு முறை அளவில் ஞாயிற்றை அணுகி மீளும் வால்வெள்ளியினால் அவர் பெயரை அறியாத மாணவர் இலர். அவர் வாழ்க்கையை அறிந்தோரோ மிகக் குறைவு.

எமது கல்லூரியின் விழா மலரில் இவ்வாங்கில அறிஞரைப் பற்றி எழுத நாம் முற்பட்டமைக்குக் காரணம் இரண்டு உண்டு. 1910ஆம் ஆண்டில் ஹலியின் வால்வெள்ளி தோன்றியபோது அதன் போக்கைக் கணித்து எழுதிய அலன் ஆபிரகாம் எம் தீவகத்தின் காரைநகரிலே பிறந்தவர் என்பது ஒன்று. இன்று விண்வெளி நிறுவனங்கள் தாம் திரட்டும் தரவுகளை எவ்வாறு காப்பது, எவருக்கு எப்போது கொடுப்பது எனத் தம்முள் ஒப்பந்தம் செய்துகொள்கின்றன. அவ்வொப்பந்தங்கள் அவிழ்க்க முயலும் முடிச்சு முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஹலியின் வாழ்விலேயே விழுந்துவிட்டது என்பது மற்றொன்று.

தீவிலே தொடங்கிய புகழ்

ஹலி 1656ஆம் ஆண்டு இலண்டன் நகருக்கு அருகே பிறந்தார். தந்தையார் சவர்க்கார வணிகத்தாற் பொருளீட்டியவர். மகனுடைய வானியல் ஆர்வத்தை அவர் தடுக்கவில்லை. வேண்டிய கருவிகளை வாங்கிக் கொடுத்தார். சென் போல்ஸ் பாடசாலையிற் கற்றபின் 1673இல் ஹலி ஒக்ஸ்போட் சென்றார். அங்கே பட்டம் பெறுமுன்னரே, 1676இல், தம் இருபதாவது வயதில், கிழக்கிந்தியக் கம்பனியின் கப்பலேறித் தென் அற்லாந்திக் கடலில் உள்ள சென் ஹெலெனாத் தீவை அடைந்தார்.

ஐரோப்பியர் தம் நாட்டிலிருந்து காணவியலாத தென்வானத்து மீன்களை அளந்து பட்டியலிடுவதே அவர் நோக்கம். தீவின் வானமோ பெரும்பாலும் முகில் மூடிக் கிடந்தது. ஆயினும் கிடைத்த இரவுகளை வீணாக்காது 341 விண்மீன்களின் நிலைகளை அளந்து, திரும்பி வந்து 1679இல் அப்பட்டியலை அச்சிட்டு வெளியிட்டார். பட்டம் அரசன் ஆணையாற் கிடைத்தது. இருபத்திரண்டு வயதிலேயே இலண்டன் வேத்தியற் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது.

அதே 1679இல் அவர் டான்சிக் நகருக்குச் சென்றார். அங்கிருந்த முதியவரான ஹெவீலியஸ், தொலைகாட்டிப் பார்வையின்றி வெறுங் கண்ணாலேயே விண்மீன்களை அளந்து வந்தார். அவ்வளவீடுகள் நம்பத்தக்கன அல்ல என்று இலண்டனில் ஹூக் என்பார் வழக்காடிக்கொண்டிருந்தார். ஹலி அம்முதியவருடன் பல இரவுகள் இருந்து ஒப்பிட்டுப் பார்த்து, அளவீடுகள் திருத்தமானவை என்று சான்று பகர்ந்தார். ஒருவர் குறிப்பை மற்றொருவர் பயன்படுத்துமுன் அதனைச் சரிபார்க்க வேண்டும் என்னும் நெறியை அவர் இளமையிலேயே கைக்கொண்டிருந்தார்.

காற்றும் கடலும்

எம் தீவகத்தார்க்கு வாடையும் சோழகமும் புதியன அல்ல. ஊர்காவற்றுறையிலிருந்து பாய் விரித்தோர் எல்லாரும் இவ்விரு காற்றையும் நம்பியே புறப்பட்டனர். ஆண்டுக்கு இருமுறை காற்றுத் திசைமாறும் இவ்வியல்பை மாலுமிகள் தத்தம் அனுபவத்தால் அறிந்திருந்தனரேயன்றி, எல்லாக் கடலுக்கும் பொருந்த ஒரே படத்தில் வரைந்தாரில்லை. 1686இல் ஹலி, கடலோடிகளிடம் கேட்டறிந்தவற்றையும் தாம் கண்டவற்றையும் தொகுத்து, அயன மண்டலக் கடல்களின் காற்றுகளையும் இந்துசமுத்திரத்தின் பருவக் காற்றுகளையும் காட்டும் படம் ஒன்றை வெளியிட்டார். வானிலைப் படங்களுள் முதலாவது அதுவே என்பர். காற்றுக்கு அவர் கூறிய காரணங்கள் முழுவதும் சரியல்ல, பின்வந்தோர் திருத்தினர். திருத்தக்கூடியதாயிருந்தது அவர் அதனை வெளியிட்டமையால் அன்றோ?

அக்காலத்தில் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் ஆட்சியில் இருந்தது. அவர்கள் நெடுந்தீவுக்கு டெல்ப்ற் என்றும், நயினாதீவுக்கு ஹார்லெம் என்றும், காரைதீவுக்கு அம்ஸ்ரடாம் என்றும் தம் ஊர்ப் பெயர்களைச் சூட்டியிருந்தனர். ஒல்லாந்தக் கம்பனியார் தம் கடற்படங்களை வெளியார் கண்ணிற் படாது காத்தனர். பயணம் முடிந்ததும் மாலுமிகள் அவற்றைத் திருப்பி ஒப்படைத்தல் வேண்டும். ஹலியின் போக்கு இதற்கு நேர்மாறானது. 1698 முதல் 1700 வரை பரமோர் என்னும் சிறு கப்பலிற் கடல் கடந்து, திசையறி கருவியின் ஊசி ஒவ்வோரிடத்தும் உண்மை வடக்கினின்று எவ்வளவு விலகுகின்றது என அளந்தார். அவ்வளவுகளை 1701இல் படமாக அச்சிட்டு எல்லா மாலுமிகளும் வாங்கும்படி செய்தார்.

நியூற்றனின் பெருநூல் உலகுக்குக் கிடைத்ததும் ஹலியாலேயாம். கோள்களின் இயக்கம் பற்றி 1684இல் நியூற்றனைக் கண்டு வினாவி, அவர் எழுதி வைத்திருந்ததை நூலாக்கும்படி தூண்டியவர் அவரே. அந்நூலை அச்சிட வேத்தியற் கழகத்திடம் பணம் இல்லை. மீன்களைப் பற்றிய பெரிய நூலொன்றை அச்சிட்டுக் கழகம் கையிருப்பை முடித்துவிட்டிருந்தது. ஆகவே 1687இல் ஹலி தம் கைப்பணத்தைச் செலவிட்டு நியூற்றனின் நூலை அச்சேற்றினார். கழகம் அவருக்குக் கொடுக்கவேண்டிய சம்பளத்துக்கோ, விற்பனையாகாத அம்மீன் நூலின் பிரதிகளையே கொடுத்தது. மீனை நன்கு அறிந்த எம் தீவகத்தார் கூட இப்படியொரு கூலியைக் கேள்விப்பட்டிரார்.

மூவர் கண்ட ஒரு வெள்ளி

1682இல் ஒரு வால்வெள்ளி தோன்றியது. ஹலியும் அதனைக் கண்டார். பின்னர் நியூற்றனின் விதியைக் கொண்டு பழைய வால்வெள்ளிகளின் பாதைகளைக் கணிக்கலானார். 1705இல் 24 வால்வெள்ளிகளின் பாதைகளை அட்டவணையாக வெளியிட்டார். அவற்றுள் 1531இல் அப்பியன் கண்டதும், 1607இல் கெப்ளர் கண்டதும், 1682இல் தாம் கண்டதும் ஒரே பாதையிற் சென்றமையை அவர் நோக்கினார். மூன்றும் ஒன்றேயெனத் துணிந்து, 1758ஆம் ஆண்டளவில் அது மீளும் என எழுதினார்.

இக்கணிப்பின் அடியில் இருப்பது யாது? வெவ்வேறு நாட்டில், வெவ்வேறு காலத்தில், ஒருவரையொருவர் காணாத மனிதர் எழுதி வைத்த குறிப்புகளே. அவற்றை ஒப்பிடுவதும் எளிதன்று. கத்தோலிக்க நாடுகள் 1582இற் புதிய நாட்காட்டியை ஏற்றன, இங்கிலாந்து ஏற்கவில்லை. ஒரே இரவுக்கு இரு நாடுகளில் பத்து நாள் வேறுபாட்டுடன் இரு திகதிகள் இருந்தன. எந்தக் கணக்கில் எழுதப்பட்டது என்னும் குறிப்பு இல்லையேல் அளவீடு பயனற்றதாகிவிடும். வாக்கியம், திருக்கணிதம் என இரு பஞ்சாங்கங்களை வீட்டில் வைத்திருக்கும் எமக்கு இவ்வல்லல் விளங்காததன்று.

மேலும் ஓர் இடர் இருந்தது. 1682ஆம் ஆண்டு வால்வெள்ளியைக் கிறீன்விச்சில் இருந்து திருத்தமாக அளந்தவர் அரச வானியலாளரான ஜோன் பிளாம்ஸ்ரீட். அவருக்கும் ஹலிக்கும் இடையே நட்பு முறிந்திருந்தது. 1695இல் அவ்வளவீடுகள் வேண்டியபோது ஹலி நேரிற் கேளாது, நியூற்றன் மூலமாகவே பெற முயன்றார். வானத்து வெள்ளியின் பாதை இவ்வாறு இருவரது மனத்தாங்கலைச் சுற்றிக்கொண்டு செல்லவேண்டியதாயிற்று.

எரிந்த ஏடுகள்

இவ்விடத்திலே ஹலியின் வாழ்விற் பெரிதும் வழக்குக்குரிய பகுதிக்கு வருகின்றோம். பிளாம்ஸ்ரீட் 1675 முதல் கிறீன்விச்சில் உழைத்தவர். அரசு அவருக்கு ஆண்டுக்கு நூறு பவுண் சம்பளம் கொடுத்ததேயன்றிக் கருவிகளைக் கொடுக்கவில்லை. பெரும்பாலானவற்றை அவர் தம் செலவிலேயே செய்வித்தார். குறை நீங்கும்வரை தம் விண்மீன் பட்டியலை வெளியிட அவர் இசையவில்லை. நியூற்றனோ சந்திரனின் இயக்கத்தை ஆராய அவ்வளவீடுகளுக்காகக் காத்திருந்தார். அரச சம்பளம் பெறுபவரின் குறிப்புகள் நாட்டுக்குரியன என்பது நியூற்றன் பக்கத்தார் வாதம். கண்ணையும் உடலையும் பொருளையும் செலவிட்டவன் யான்; முற்றுப்பெறாததை வெளியிடும் உரிமை பிறர்க்கில்லை என்பது பிளாம்ஸ்ரீட்டின் நிலை.

முடிவில், 1712இல், பிளாம்ஸ்ரீட்டின் இசைவின்றியே அவர் பட்டியல் 400 பிரதிகளாக அச்சாயிற்று. அதனைப் பதிப்பித்தவர் ஹலி. சில ஆண்டுகளின் பின் அரசியல் மாறியது. எஞ்சிய 300 பிரதிகள் பிளாம்ஸ்ரீட்டின் கைக்கு வந்தன. தம் விருப்புக்கு ஏற்ற தாள்களை மட்டும் பிரித்தெடுத்துக்கொண்டு மற்றவற்றை அவர் தீயிலிட்டார். 1719இல் அவர் இறந்தார். அவர் விரும்பியவாறு திருத்தமாக அமைந்த பெரும்பதிப்பை அவர் மனைவியாரும் உதவியாளரும் 1725இல் மூன்று தொகுதிகளாக வெளிக்கொணர்ந்தனர்.

இவ்வழக்கில் ஹலி செய்தது முறையென்று நாம் கூறோம். பிளாம்ஸ்ரீட் பல்லாண்டு பூட்டி வைத்ததும் முறையன்று. இருவர் பக்கமும் நியாயம் இருந்தது. ஆனால் அவ்விரு நியாயங்களையும் முன்கூட்டியே அளந்து எழுதி வைத்த உடன்பாடு எதுவும் இல்லை. அக்குறையே பகையாக வளர்ந்து ஏட்டில் தீயாக மூண்டது.

1720இல் ஹலியே அரச வானியலாளரானார். கிறீன்விச்சுக்குள் நுழைந்தபோது அங்கே கருவி ஒன்றும் இல்லை. பிளாம்ஸ்ரீட்டின் பொருள்களாகையால் அவர் மனைவியார் எடுத்துச் சென்றுவிட்டார். புதுக் கருவிகளுக்கு அரசிடம் 500 பவுண் பெற்று, அறுபத்து மூன்று வயதுக்கு மேல், பதினெட்டு ஆண்டு நீளும் சந்திரனின் சுற்றுமுறை முழுவதையும் அளக்கத் தொடங்கினார். தொடங்கியதை முடித்தும் காட்டினார். அம்மன உறுதியை வியவாதிருத்தல் அரிது.

ஆனால் ஊழின் திருவிளையாட்டைக் காண்க. 1727இல் வேத்தியற் கழகத் தலைவராயிருந்த நியூற்றன், ஹலி தம் ஆண்டு அவதானங்களைக் கழகத்துக்கு ஒப்படைக்கவில்லை எனக் குறைகூறினார். கடலில் நெட்டாங்கு காணும் முறைக்கு அரசு பெரும் பரிசு அறிவித்திருந்த காலம் அது. தம் உழைப்பின் பயனைப் பிறர் முந்திக்கொள்வர் என்றஞ்சியே குறிப்புகளைத் தம்மிடம் வைத்திருப்பதாக ஹலி விடையிறுத்தார். பிளாம்ஸ்ரீட் கூறியதற்கும் இதற்கும் வேறுபாடு பெரிதில்லை. அவருடைய அட்டவணைகள் அவர் இறந்தபின், 1749இலேயே அச்சில் வந்தன. பிறர் பெட்டியைத் திறக்கும்படி கேட்பது எளிது. தம் பெட்டியைத் திறப்பது பெரியோர்க்கும் அரிது.

இறந்தபின் வந்த சான்றுகள்

1742இல், எண்பத்தைந்தாம் வயதில் ஹலி காலமானார். தாம் முன்னுரைத்த வால்வெள்ளி மீள்வதைக் காண அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1758ஆம் ஆண்டு நத்தார் இரவில் சக்சனி நாட்டு உழவர் பாலிற்ஸ் அதனை முதலிற் கண்டார். வியாழன், சனி ஆகிய கோள்களின் இழுவையையும் சேர்த்துக் கணித்த பிரெஞ்சு அறிஞர் மூவர் 1759 ஏப்பிரல் நடுவில் அது ஞாயிற்றை நெருங்கும் என்றனர். மார்ச்சு 13இல் நெருங்கியது. அது முதலே அவ்வெள்ளி ஹலியின் பெயரைப் பெற்றது.

அவர் விட்டுச்சென்ற இன்னொரு கடமையும் உண்டு. வெள்ளிக்கோள் ஞாயிற்றின் முகத்தைக் கடக்கும்போது உலகின் பல இடங்களிலிருந்து அதனை அளந்து, அளவீடுகளை ஒன்று சேர்த்தால் ஞாயிற்றின் தூரத்தை அறியலாம் என 1716இல் அவர் எழுதினார். அதன்படி 1761, 1769 ஆகிய ஆண்டுகளிற் பல நாட்டு அறிஞர், நாடுகளிடையே போர் மூண்டிருந்தும், திக்கெட்டும் சென்றனர். பிரான்சிலிருந்து வந்த லெ ஜான்ரி, புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாகிவிட்டமையால் முதல் நிகழ்ச்சியின்போது நடுக்கடலில் நின்றார். எட்டாண்டு காத்திருந்து 1769இற் புதுச்சேரியிலிருந்து பார்க்க முனைந்தபோது முகில் மறைத்தது. அவர் ஒருவர் அளவீடு கிடையாவிடினும் மற்றையோர் அளவீடுகள் போதுமாயிருந்தன. 1771இல் ஒக்ஸ்போட் பேராசிரியர் ஹோர்ன்ஸ்பி அவற்றைத் தொகுத்து, ஞாயிற்றின் தூரம் ஏறத்தாழ 9 கோடியே 37 இலட்சம் மைல் எனக் கண்டார். இன்றைய கணக்கு 9 கோடியே 30 இலட்சம். பலர் பங்கிடும் பணியில் ஒருவர் மீது முகில் கவிந்தாலும் பணி கெடாது.

1910இல் வால்வெள்ளி மீண்டபோது எம்மவரும் அதில் பங்குகொண்டனர். வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியிற் கணிதம் கற்பித்த அலன் ஆபிரகாம் அதன் போக்கை ஆராய்ந்தார். இலண்டன் அரச வானியற் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. கிறீன்விச்சினின்றும் பிற நிலையங்களினின்றும் வெளியான அட்டவணைகள் எவர்க்கும் உரியனவாயிருந்தமையாலன்றோ காரைநகர்ப் பிள்ளை ஒருவர் அவ்வுயரத்தை எட்டினார்? தரவு பூட்டப்படுமாயின் முதலில் இழப்பவர் சிறிய ஊர்களில் உள்ள அறிவாளரே.

விண்வெளி நிறுவனங்களின் உடன்பாடு

அடுத்த வருகை 1986இல் நிகழ்ந்தது. அதற்கு ஐந்தாண்டு முன்பே, 1981இல், ஐரோப்பிய விண்வெளி நிறுவனம், சோவியத்தின் இன்ரர்கொஸ்மொஸ், யப்பானின் விண்வெளி விஞ்ஞான நிலையம், அமெரிக்காவின் நாசா ஆகிய நான்கும் இத்தாலியின் பாதுவா நகரிற் கூடி ஆலோசனைக் குழுவொன்றை அமைத்தன. இரு வல்லரசுகளும் ஒன்றையொன்று ஐயுற்றிருந்த காலம் அது. ஆயினும் ஒவ்வொரு நிறுவனமும் தன் செலவைத் தானே ஏற்றுத் தன் அளவீடுகளை மற்றவற்றுக்கு வழங்குவதென்று இசைந்தன.

அதன் பயன் விரைவிற் புலப்பட்டது. வால்வெள்ளியின் கரு தூசிப் புகைக்குள் மறைந்திருப்பது. பூமியிலிருந்து அதன் இடத்தைத் திருத்தமாகக் காணவியலாது. 1986 மார்ச்சு 6ஆம், 9ஆம் நாட்களிற் சோவியத்தின் வேகா விண்கலங்கள் இரண்டும் முறையே ஏறத்தாழ 8,900, 8,000 கிலோமீற்றர் தூரத்திற் கருவைக் கடந்து படமெடுத்தன. அவ்விரு கலங்களும் நின்ற இடத்தை நாசாவின் பெரும் வானலைக் கிண்ணங்கள் மிக நுணுக்கமாக அளந்தன. இருவர் அளவீடும் ஜேர்மனியின் டார்ம்ஸ்ராட் நகருக்கு அனுப்பப்பட்டன. நூற்றுக்கணக்கான கிலோமீற்றராயிருந்த ஐயம் ஏறத்தாழ 40 கிலோமீற்றராகச் சுருங்கியது. மார்ச்சு 14இல் ஐரோப்பாவின் ஜொற்றோ கலம் கருவிலிருந்து ஏறத்தாழ 600 கிலோமீற்றரிற் கடந்து சென்றது. பகைவர் இருவர் பகிர்ந்த கணக்கு மூன்றாமவர்க்கு வழிகாட்டிற்று.

அதே வேளையில் ஏறத்தாழ ஐம்பது நாடுகளின் அவதானிகள் பூமியிலிருந்து அளந்தவற்றை அனைத்துலக ஹலி அவதான அமைப்பு ஒரே முறையில் ஒழுங்குபடுத்திக் குறுந்தட்டுகளிற் பதித்து வெளியிட்டது. அன்றைய தரவுகள் இன்றும் நாசாவின் கோள்தரவுக் காப்பகத்திலும் ஐரோப்பிய நிறுவனத்தின் காப்பகத்திலும் எவரும் எடுத்தாளக் கிடக்கின்றன.

பிளாம்ஸ்ரீட்டுக்கும் ஹலிக்கும் நடந்த வழக்கின் தீர்ப்பை இன்றைய ஒப்பந்தங்களிற் காண்கின்றோம். கருவியை அமைத்துக் காத்திருந்த விஞ்ஞானிக்குப் பொதுவாக ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை தனியுரிமை அளிக்கப்படும். அதற்குள் அவர் பிழைநீக்கி ஆராயலாம். தவணை முடிந்ததும் தரவு காப்பகத்தை அடைந்து உலகப் பொதுவாகும். உழைத்தவன் பங்கும் உலகின் பங்கும் இவ்வாறு முன்னரே அளந்து எழுதப்படுகின்றன. எந்தக் கருவி, எந்த நேரம், எந்த அலகு என்பவற்றையும் கூறும் பொதுச் சீட்டு ஒவ்வொரு கோப்புக்கும் இணைக்கப்படும். பத்து நாள் வேறுபட்ட இரு நாட்காட்டிகளால் அன்று நேர்ந்த இடர் இனி நேராமைக்கே அது. 2006இல் நிறுவப்பட்ட அனைத்துலகக் கோள்தரவுக் கூட்டமைப்பு இம்முறையை நிறுவனங்களிடையே பரப்புகின்றது. அண்டை நாடான இந்தியாவின் இஸ்ரோவும் அதில் அங்கத்துவம் உடையது.

2008இல் இஸ்ரோ அனுப்பிய சந்திரயான்-1, உடன்பாட்டின்படி நாசாவின் கருவியொன்றையும் சுமந்து சென்றது. அக்கருவியின் தரவைக் கொண்டே சந்திரனின் மேற்பரப்பில் நீரின் அடையாளம் உண்டென்று 2009இல் அறிவிக்கப்பட்டது. கலம் ஓராண்டுக்குள் மௌனமாயிற்று. தரவு காப்பகத்தில் இருப்பதால் ஆராய்ச்சி இன்னும் தொடர்கின்றது.

எமக்குரிய பாடம்

பாதுவாவில் அவ்வுடன்பாடு பிறந்த அதே 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் அவற்றுடன் ஏட்டுச்சுவடிகளும் சாம்பலாயின. பிளாம்ஸ்ரீட் எரித்த நூலுக்கு வேறு பிரதிகள் இருந்தன. எம் சுவடிகள் பலவற்றுக்கு இருக்கவில்லை. 1990, 1991ஆம் ஆண்டுகளில் தீவகத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது வீடுகளிலே கிடந்து அழிந்த குறிப்புகளுக்கோ கணக்கே இல்லை. ஓரிடத்தில் மட்டும் உள்ள ஏடு, எத்துணைச் செவ்வையாகக் காக்கப்படினும், காக்கப்பட்டதாகாது. 2005 முதல் எம் நூல்களையும் இதழ்களையும் மின்வடிவிற் சேர்த்து எவரும் படிக்க வைக்கும் நூலகம் என்னும் முயற்சி இவ்வுண்மையை உணர்ந்தோரின் பணியாகும்.

பழைய மாணவர்களே! உங்கள் வீட்டுப் பெட்டிகளிற் பாட்டனாரின் கப்பற் கணக்கும், கிணற்று நீர் உவரான ஆண்டைக் குறித்த தாளும், பழைய கல்லூரி மலரும் இருத்தல் கூடும். அவற்றின் உரிமை உங்களுடையதே. ஆயினும் ஒரு படியெடுத்து, ஆண்டும் இடமும் எழுதியவர் பெயரும் குறித்து, கல்லூரி நூலகத்தில் ஒன்றும் வெளியூரில் ஒன்றுமாக வைத்துவிடுங்கள்.

ஹலியின் வால்வெள்ளி 2061ஆம் ஆண்டு யூலை மாதத்தில் மீண்டும் ஞாயிற்றை நெருங்கும். இன்று இக்கல்லூரியிற் பயிலும் சிறுவர் அன்று ஐம்பதைத் தொடும் வயதினராயிருப்பர். அவர்களுள் ஒருவர் அதனை அளந்து, 1531 முதல் 1986 வரை உலகம் சேர்த்து வைத்த கணக்கோடு தம் கணக்கையும் சேர்ப்பாராக. அக்கணக்கு அவர் பெட்டிக்குள் தங்காதிருப்பதாக.